எங்கள் நாவல் மேல் ஒரு பிராது

எங்கள் நாவலின் கதாநாயகி ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கர்ப்பமாக இருந்தாள். அதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பொம்மைக் கம்பெனியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து பேக்கிங் செய்கிற அக்காதான் கண்டுபிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டே, "ஏம்மா, போன பொங்கலுக்கு அவளுக்கு ஏழாம் மாசம்னு சொன்னீங்க. இப்ப அவ வூட்டுல அடுத்த பொங்கலுக்கு வெள்ள அடிக்கிறாங்க. இன்னும் வயித்தத் தள்ளிக்கிட்டு தண்ணி தூக்கிக்கிட்டு இருக்குறா. அவ மனுஷிதானா, இல்ல யானையா?" என்று கேட்டார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தோம். ஓரகத்திகள் சேர்ந்து ஒரு குழம்பு வைத்தாலே பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். நாங்கள் நாவல் எழுதினோம். எரிந்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளை பிறக்காமல் இருந்ததற்கு மறதி மட்டும் காரணம் இல்லை. பிள்ளை பிறந்தால் நாவல் முடிந்துவிடும். நாவல் முடிந்தால் என் ஓரகத்தி, வீட்டுக்காரர் வேலை பார்க்கிற குஜராத்துக்குப் போய்விடுவாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் எங்களை அறியாமலும் அறிந்தும் அத்தியாயத்துக்கு மேல் அத்தியாயமாக அந்தப் பாவப்பட்டவளை வயிற்றோடு நடக்கவிட்டோம்.

இது இரண்டாயிரத்துக்கு அப்புறம், வீட்டுக்கு ஒரு செல்போன் வந்து, அதை எடுத்துப் பேச மொட்டை மாடிக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். விருத்தாசலத்தில் செராமிக் வேலை நடக்கிற பக்கம் சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. ஒன்றில் பியூஸ் கட்டை செய்வார்கள், ஒன்றில் ஊறுகாய் ஜாடி, ஒன்றில் பொம்மை. எங்களுடையது பொம்மை. வாத்து, தூங்குகிற நாய்க்குட்டி, புத்தகம் படிக்கிற பிள்ளையார். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் ஒரு பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்க வேண்டும். அதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. வாயைச் சும்மா வைத்திருக்க எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

முதலில் டிவி சீரியலைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நான், "இவனுங்க கதைய நாளைக்கு நானே எழுதிருவேன்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுங்களேன்க்கா. நானும் வரேன்" என்றாள். ஏதோ சந்தைக்குக் கூப்பிட்ட மாதிரி. அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் வேப்பூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பார்த்து வளர்ந்தவள். அவள் சேத்தியாத்தோப்புப் பக்கம். வெள்ளாற்றுத் தண்ணீர், எங்கு திரும்பினாலும் நெல்லு. "ஒங்க ஊருல குளிக்கிறதுக்கே மனு போடணும்" என்று என்னைக் கிண்டல் செய்வாள். "ஒங்க ஊருல சோத்தத் தவிர வேற எதுவும் சாப்பாடுன்னு தெரியாது" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அந்தச் சண்டையிலிருந்துதான் கதாநாயகி வந்தாள். காய்ந்த ஊரில் பிறந்து ஈரமான ஊரில் வாக்கப்பட்டவள். கதாநாயகியின் பிறந்த வீட்டுப் பகுதி எனக்கு, புகுந்த வீட்டுப் பகுதி அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பகலில் கம்பெனியில் ஒரு அத்தியாயத்தை வாயால் பேசிப் பார்ப்போம். நான் ஒரு பேச்சைச் சொன்னால் அவள் பதில் சொல்லுவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் நடுவில் புகுந்து, "அவளுக்கு ஏன் இவ்ளோ வாயி? மாமியா சும்மா வுட்டுடுவாளா?" என்று நியாயம் கேட்பார்கள். சாயங்காலம் வீட்டில் உலை வைத்துவிட்டு, பேசினதை எழுதுவோம். ஒருத்தி எழுதியதை மற்றவள் அடிக்கலாம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எழுதினவள் எதிரிலேயே அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. பேனாவை எடுத்தால் சரக்கென்று இழுத்துவிடுவேன். சத்தமாகப் படித்தால் பாதி கோபம் வாயிலேயே கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் படித்துப் படித்தே அவளுடைய எத்தனையோ வரிகள் என்னிடமிருந்து தப்பித்தன. நல்ல வேளை.

ஒரு கூத்து என்னவென்றால், எங்கள் நாவலில் வில்லி யார் தெரியுமா? கதாநாயகியின் ஓரகத்தி. எந்த சீரியலிலும் ஓரகத்தி நல்லவளாக வந்ததில்லை, எங்களுக்கும் வேறு மாதிரி எழுதத் தோன்றவில்லை. அவள் எழுதிய வில்லி வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசுவாள். "ஏன்டி, இது நான் நிக்கிற மாதிரி இல்ல?" என்று கேட்டேன். "நீங்க ரெண்டு கையையும் வைப்பீங்கக்கா. இவ ஒரு கைதான்" என்று ஒரு சிரிப்பு இல்லாமல் சொன்னாள். கொழுப்பு.

அவள் வீட்டுக்காரர், அதாவது என் கொழுந்தன், நம்ம ஊரிலேயே செராமிக் டிப்ளமா படித்தவன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அரைக்கால் சட்டை போட்டு ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு குஜராத்தில் மோர்பி என்கிற ஊரில் டைல்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. வீடு பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான். இவள், "நாவலு முடிஞ்ச ஒடனே வரேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் நாவல் என்றால் ஒயர் கூடை மாதிரி, உட்கார்ந்து பின்னினால் ரெண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். "சரி, முடிச்சிட்டு வா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "இன்னும் எத்தன அத்தியாயம்?" என்பான். "ரெண்டுங்க" என்பாள் இவள். போன வருஷம் ஆடியிலும் ரெண்டுதான், இந்த வருஷம் ஆடியிலும் ரெண்டுதான். ஒரு தடவை அவன், "அந்தப் பொண்ணுக்கு இன்னுமா புள்ள பொறக்கல?" என்று கேட்டானாம். கம்பெனி அக்காவுக்கு முன்னாலேயே அவன் கணக்குப் போட்டிருக்கிறான். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் லீவில் வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். நெற்றி நிறைய விபூதி. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மணவாளநல்லூரு போயிட்டு வந்தேன்."

"கொளஞ்சியப்பரப் பாத்துட்டு வந்தா நான் ஏன் கோவிச்சுக்குறேன்? நல்லதுதான."

"பிராது கட்டிட்டு வந்துட்டேன் அண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிராது என்றால் சின்ன விஷயம் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குகிறவர்கள்கூட மணவாளநல்லூருக்குப் போவார்கள். கொளஞ்சியப்பர் என்கிற முருகன் அங்கே நீதிபதி. குறையை ஒரு தாளில் எழுதி, யார் மேல் என்று எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வர வேண்டும். மூணு மாசத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. சமாதானம் ஆகிவிட்டால் திரும்பப் போய் பிராதை வாபஸ் வாங்கணும்.

"யாரு மேலப்பா? கம்பெனியில எவனாவது வம்பு பண்றானா?" என்றேன்.

அவன் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒங்க ரெண்டு பேரு மேலயுந்தான்" என்றான்.

'என் மனைவியும் என் அண்ணியும் சேர்ந்து எழுதுகிற நாவல் சீக்கிரம் முடிய வேண்டும்' என்று எழுதிக் கட்டியிருக்கிறான். என் வீட்டுக்காரருக்குப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கரண்டி கையிலிருந்தது நினைவில்லை, ரசம் தரையெல்லாம் சொட்டியது.

"ஏன் தம்பி, ஒனக்கு அறிவு இருக்குதா? காணாமப் போன மாட்டுக்குக் கட்டுவாங்க, குடிக்கிற புருஷனுக்குக் கட்டுவாங்க. கத எழுதுறதுக்கு எவனாவது பிராது கட்டுவானா? சாமிக்கு வேற வேல இல்லியா?"

"வேற யாருகிட்டப் போயி சொல்லுறது அண்ணி? ஒங்ககிட்ட சொன்னா அடுத்த அத்தியாயத்துல என்னக் கொன்னுடுவீங்க."

அவள் சமையல்கட்டு வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்க தனியா சோறு திங்க முடியல அண்ணி" என்றான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டேன்.

அவன் ஊருக்குப் போன பிறகு, கம்பெனியில் அவள் சொன்னாள், "அக்கா, இனிமே இழுக்கக் கூடாது. சாமி முன்னாடி போயிடுச்சு."

அவளுக்குச் சாமி விஷயத்தில் விளையாட்டே கிடையாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "ஆமா, போறதுக்கு ஒனக்கு ஒரு சாக்கு வேணும். அத சாமியே குடுத்துட்டாரு. போ" என்றேன்.

"சாக்கா? நான் சாக்கு தேடுறனா?"

"பின்ன என்னா? சாமியே வந்து எழுதித் தருவாரு, முடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு என் கத்தியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சில நாள் அப்படியே போனது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பு. "உப்பு எங்க" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். அவள் உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள். கம்பெனியில் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. பேக்கிங் அக்காதான் பொறுக்காமல், "நீங்க சண்ட போட்டுக்கிட்டா எங்களுக்குக் கத இல்லாமப் போவுது. பொம்மைங்க மொகத்தையே எம்மா நேரம் பாத்துக்கிட்டு இருக்குறது?" என்று புலம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகை வரும் என்று பயம். எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தாச்சு. ஆனால் இவள் வருகிற வரைக்கும் என் மனசில் ஓடுகிறதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருந்ததில்லை. அதை விட்டுக் கொடு என்றால் எப்படி விடுவது?

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து மணிமுத்தாற்றுப் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். ஆற்றில் தண்ணீர் பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு நடுவில் வந்து, "அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். திரும்பவில்லை, ஆனால் நின்றேன்.

"நான் எதையாவது முழுசா முடிச்சு நீங்க பாத்துருக்கீங்களா?"

என்ன கேள்வி இது என்று திரும்பினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலேஜுல ரெண்டாவது வருஷம் படிக்கும்போது பொண்ணு பாக்க வந்தாங்க. நிறுத்திட்டாங்க. டைப்ரைட்டிங் போனேன், லோயரு பரிச்சைக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியல, நிறுத்திட்டேன். தையலு கத்துக்கப் போனேன், ஜாக்கெட்டு வரைக்கும் வரல, அதுக்குள்ள வேற ஒன்னு. எதுல ஒக்காந்தாலும் பந்தியில பாதியில எழுப்பி வுட்ட மாதிரி யாராவது வந்து எழுப்பி வுட்டுடுறாங்க. இப்ப இதையும் பாதியில வுட்டுட்டுப் போனா, அந்த ஊருல போயி நான் யாருக்கா? சோறு ஆக்கிப் போட வந்தவ. அம்மாந்தான்."

லாரி ஒன்று பாலத்தை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போகிற வரைக்கும் காத்திருந்து சொன்னாள், "எனுக்கும் போவ மனசு இல்லதான். ஆனா அவரு பாவம்க்கா. போயித்தான் ஆவணும். போறதுக்கு முன்னாடி இந்த ஒன்ன மட்டும் முழுசா முடிச்சிட்டுப் போறேன். ஒங்க கூட ஒக்காந்து முடிச்சிட்டுப் போறேன்."

இத்தனை நாள் நாவலை முடிக்காமல் வைத்திருந்தால் அவளை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடிக்காமல் வைத்திருந்தால் அவளை எழுப்பி விட்டவர்கள் வரிசையில் நானும் ஒருத்தி ஆகியிருப்பேன்.

"நீ போயிட்டா எனுக்கு யாருடி இருக்குறா?" என்றேன். கேட்டே விட்டேன், நடு ரோட்டில். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "என்னாம்மா, ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தோம்.

அதற்கப்புறம் முதல் வேலை, கதாநாயகியின் வயிற்றை ஒழுங்குபடுத்துவது. பிள்ளை பத்து மாசத்தில் பிறக்க வேண்டும் என்றால் ஒரு வருஷத்தைத் தூக்கி எறிய வேண்டும். இழுப்பதற்காகவே நாங்கள் உள்ளே நுழைத்த சங்கதிகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஒரு கறவை மாடு வாங்கின கதை, ஒரு வாய்க்கால் தகராறு, ஊருக்குப் புதுசாக வந்த ஒரு நர்ஸு. எல்லாவற்றையும் அடித்தோம். எங்கள் சட்டப்படி அடிப்பதற்கு முன்னால் சத்தமாகப் படித்தோம். மாடு வாங்கின அத்தியாயத்தைப் படிக்கும்போது என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இத ஏன் அடிக்கிறீங்க? இதுதான நல்லா இருக்குது" என்றார். அந்த மனுஷன் எங்கள் நாவலில் கேட்டது அது ஒன்றுதான். அடித்துவிட்டோம்.

கடைசி அத்தியாயம் பிரசவம். புகுந்த வீட்டுப் பகுதி என்பதால் அவள்தான் எழுத வேண்டும். அவளுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் எழுதிவிடட்டுமா என்று கேட்கலாமா, கேட்டால் புண்படுமா என்று எனக்குள்ளே குழம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"அக்கா, வலி எப்புடி இருக்கும்? சினிமால கத்துறாங்களே, அப்புடியா?"

"சினிமாவக் கொண்டு போயி குப்பையில போடு" என்றேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் மூத்தவளைப் பெற்ற கதையை முழுசாகச் சொன்னேன். இடுப்பிலிருந்து கிளம்பி வருகிற வலியை, நடுவில் விட்டுவிட்டுப் போய் ஏமாற்றுகிறதை, என் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினதை, பிள்ளை வந்த பிறகு கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கினதை, எல்லாம் முடிந்து ஒரு காப்பி கிடைக்காதா என்று ஏங்கினதை. இதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் வெங்காயக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்தாள். நான் ஒரு முழுப் படி வெங்காயத்தையும் உரித்தேன், தேவைக்கு மேலேயே உரித்தேன், எழுந்து போகக் கூடாது என்று.

எழுதி முடித்துப் படித்தாள். வலி முற்றுகிற நேரத்தில் கதாநாயகி, அடுப்பில் வைத்த பாலை மூடினேனா இல்லையா என்று நினைத்துப் பார்க்கிறாள். பூனை குடித்துவிடுமே என்று பதறுகிறாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிடுகிறது.

"இத நான் சொல்லலியே?" என்றேன்.

"நீங்க சொல்லல. எனுக்கே தோணுச்சு. தப்பா?"

தப்பா? இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு எழுத வராததை அவள் எழுதியிருந்தாள். பிரசவம் பார்க்கிற பாட்டி வருவதற்குள் கதாநாயகியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், வில்லி ஓரகத்தி. "இவ எப்படிடி நல்லவ ஆனா?" என்று கேட்டேன். "நல்லவ ஆவலக்கா. நாளைக்கு மறுபடியும் சண்ட போடுவா. ஆனா அந்த நேரத்துல வூட்டுல வேற யாரு இருப்பா?" என்றாள். நான் ஒரு வரியும் அடிக்கவில்லை.

"முற்றும்" யார் எழுதுவது என்று அதிலும் ஒரு தகராறு. "மூத்தவ நீங்க எழுதுங்கக்கா" என்றாள். பேனாவைப் பிடுங்கி அவள் கையில் திணித்து, "இது ஒன்னோடது, எழுது" என்று அதட்டினேன். எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டேன்க்கா" என்றாள், குழந்தை மாதிரி. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் இருவர் கண்ணும் சிவந்திருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இம்மாம் வெங்காயம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு டீ கேட்டார்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கடைசி அத்தியாயத்தைப் படித்தோம். ஒருத்தரும் சோற்றில் கை வைக்கவில்லை. முடிந்ததும் பேக்கிங் அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளையா? சந்தோஷம். வயித்துல இருந்த காலத்துக்கு பல்லோட இல்ல பொறந்துருக்கணும்" என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். அதற்கப்புறம் வந்தவை எதுவும் அவ்வளவு சரியாக இல்லை.

கொழுந்தன் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனான். முதலில் மணவாளநல்லூர் போய் வாபஸ் வாங்கிக்கொண்டு வந்தான். முறை தவறாதவன். ஜங்ஷனில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது நான் எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தேன். ஊறுகாய் ஜாடியைச் சாய்த்து வைத்துவிட்டான் என்று, தண்ணீர் பாட்டில் போதாது என்று, ஸ்வெட்டர் எடுக்கவில்லை என்று. அவள் ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். வண்டி நகரும்போது, "அக்கா, இது மொத படிதான. திருத்தறதுக்கு வருவேன்" என்று கத்தினாள். "வந்து கிழிச்ச" என்று நானும் கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மொட்டை மாடிக்கு ஓடினேன். முதலில் அவன்தான் பேசினான். "அண்ணி, நீங்களே கேளுங்க. வந்ததுல இருந்து வூட்ட வுட்டு வெளிய வரமாட்டேங்குறா" என்று அவளிடம் கொடுத்தான்.

"என்னாடி?"

"ஒன்னும் இல்லக்கா." குரலே இல்லை. "பக்கத்து வூட்டு அம்மா தெனமும் வந்து என்னமோ கேக்குறாங்க. யாரு நீ, என்னா பண்ணுறன்னு கேக்குறாங்க போல. நான் தலையாட்டிட்டு உள்ள வந்துடுறேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"என்னான்னு சொல்லுறது? அவங்க பாஷ எனுக்குத் தெரியாதே. தெரிஞ்சாலும் என்னான்னு சொல்லுறது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏன்டி, என்னான்னு சொல்றதா? அந்தம்மா இப்ப எங்க?"

"வாசல்ல துணி காயப் போடுறாங்க."

"போ. போயி தமிழ்லயே சொல்லு. சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கணும்."

"இப்பவாக்கா?"

"இப்பத்தான்டி!"

கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் போனது. பிறகு அவள் குரல், சேத்தியாத்தோப்புக் குரல், முதலில் தடுமாறி, பிறகு நன்றாக உயர்ந்து வந்தது.

"ஏங்க, இங்க பாருங்க. நான் ஒரு நாவலு எழுதுனேன். எங்க அக்காவும் நானும். முழுசா எழுதி முடிச்சிட்டோம்."

பிறகு அந்த அம்மா ஏதோ சொன்னார், அவர்கள் பாஷையில், நீளமாக, நிறுத்தாமல்.

"என்னாடி சொல்றாங்க?"

"தெரியலக்கா." அவள் குரல் உடைந்து வந்தது. "ஈரக் கையோட வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

"சரி, நீ அவங்க கைய வுட்டுடாத. நான் அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.